குழித்தறியில் ஏறிய வெள்ளம்

கோஷம் போடுகிறவன் பிழைப்பில் முதலில் தேய்வது தொண்டை. மனு கொடுத்துச் சலித்தவர்களே, நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். முதலில் ஏரிக் கால்வாயில் மண் கொட்டினார்கள். அடுத்து அந்த மண்மேல் கடை கட்டினார்கள். அதற்கும் அடுத்து, மழைத் தண்ணீர் வடிய மிச்சமிருந்த ஒரே வழியையும் சிமெண்ட் பூசி அடைத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் நோட்டீஸ் அடித்தேன். நான் தமிழ் படித்ததே நோட்டீஸில்தான். பிறகு, யாருமே மழையை நினைக்காத பங்குனியில் விடாமல் கொட்டியது.

காய்ந்த வாசல்

எங்கள் தெரு முழுக்கக் குழித்தறி. நெய்கிறவர் தரையில் உட்கார்ந்து, குழிக்குள் காலைத் தொங்கவிட்டு மிதிப்பார். அதனால் வெள்ளம் எங்களுக்கு வாசல் வழியாக வராது, காலடியில் ஏறும். பார்வையிட வந்த அதிகாரி வாசற்படியைப் பார்த்தார். காய்ந்திருந்தது. "குழியைப் பாருங்க சார், தளும்புது" என்றேன். எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது வெள்ளம் இல்லைங்க, ஊத்து. மோட்டார் வச்சு இறைச்சுக்குங்க."

தசரதன் குளியல்

எதிர்வீட்டு தசரதன் என் கூட்டங்களுக்கெல்லாம் கொடி பிடித்தவர். பாதி நெய்த கல்யாணப் புடவை நனையாமல் தறியின் பாவு நூலைத் தூக்கிக் கட்டிவிட்டு, குழியில் இறங்கி வாளியால் இறைத்துக்கொண்டிருந்தார். மண்சுவரில் ஈரம் ஏறியிருந்தது. "வெளியே வாய்யா, சுவர் சரியில்ல" என்று கத்தினேன். இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி சிரித்தார்: "நீ போய் கோஷம் போடுபா. நான் சர்க்கார் ஊத்துல குளிச்சிக்கினு இருக்கேன்."

பழைய சுவர்

அன்று மாலையே அந்தச் சுவர் அவர்மேல் விழுந்தது. வெள்ளத்தில் இறந்தவராக அவரை ஏற்க அதிகாரிகள் மறுத்தார்கள். குழியில் ஏறியது ஊற்றுத் தண்ணீராம், சுவர் பழசாம். அவர் மனைவி சாந்தா அழக்கூட இல்லை. என்னிடம் ஒன்றுதான் கேட்டார்: "வீட்டப் பாத்துக்கத் தெரியாம செத்தாருன்னு பேசிக்கினு இருக்காங்கண்ணா. வெள்ளத்துல போனாருன்னு நாலு பேர் எதிர்ல சொல்லுங்க, போதும்."

சாத்திய ஜன்னல்

தாலுகா அலுவலக வாசலில் கூட்டம் போட்டோம். உள்ளேயிருந்து ஜன்னலைச் சாத்தினார்கள். தெருவே சாட்சியாக நின்றது. எழுதி வைத்திருந்த பேச்சை மடித்துப் பையில் செருகிவிட்டு, தசரதனுக்கு அடித்த அஞ்சலி போஸ்டரைத் தூக்கிப் பிடித்துப் படித்தேன். முன்வரிசையில் இருந்த சாந்தா சொன்னார்: "இன்னொரு தடவை படிங்கண்ணா."

அரசாங்கத்தின் காதில் விழ வாழ்நாளெல்லாம் கத்தியவன், எல்லாம் தெரிந்த எங்கள் தெருவுக்கே மறுபடியும் படித்துக் காட்டினேன்: தசரதன், நெசவாளர், வெள்ளத்தில் இறந்தவர்.