ஆர்வோவின் இருபத்தாறாவது சுற்று

காலை ஏழு மணி. லண்டன் டூட்டிங் பிராட்வேயில் 57ஆம் எண் பேருந்தில் ஏறினேன். கோலியர்ஸ் வுட்டுக்கு ஒன்றரை கிலோமீட்டர். கட்டணம் ஒன்றே முக்கால் பவுண்டு.

மதுரையிலிருந்து தங்கை வீட்டுக்கு வந்திருந்த நான், ஒரு விளையாட்டு இதழுக்காக ஆர்வோ என்ற முதியவரைப் பார்க்கப் போனேன். பின்லாந்தின் பழைய பத்தாயிரம் மீட்டர் சாம்பியன். இருபத்தைந்து சுற்றுகள் ஓடி வென்றபின், ரசிகர்களுக்கு நன்றியாக இன்னொரு சுற்றும் அதே வேகத்தில் ஓடியவர் என்று பழைய பத்திரிகைகள் புகழ்ந்தன. மனைவி இறந்தபின் மகளோடு லண்டனில் இருக்கிறார். மறுநாள் எனக்கு விமானம். இன்று விட்டால் கட்டுரை இல்லை.

7.20. மொழிபெயர்க்க ஒப்புக்கொண்ட யோகன், மளிகைக் கடை வாசலில் நின்றார். யாழ்ப்பாணத்துக்காரர், லண்டனுக்கு முன் பதினொரு வருடம் பின்லாந்தில் இருந்தவர்.

"பின்லாந்துக்காரர் லேசில கதைக்க மாட்டினம், தங்கச்சி. அங்க பக்கத்து வீட்டுக்காரன் என்னோட முதல் கதைக்க நாலு வருசம் எடுத்தது."

"என்ன சொன்னார்?"

"உன்ர வீட்டில புகை வருது எண்டு."

7.45. மகள் வீட்டில் ஆர்வோ காபி கொடுத்தார். குழந்தைப் பருவம் எப்படி இருந்தது என்று கேட்டேன். ஒரு நிமிடம் யோசித்தார்.

"குளிராம்" என்றார் யோகன்.

பயிற்சி? "ஓடினவராம்." வென்றபின்? "நிண்டவராம்." அரை மணி நேரத்தில் என் நோட்டில் மூன்றே சொற்கள்.

8.15. ஆர்வோ எழுந்து காலணி மாட்டினார்.

"ஓடேக்க கதைப்பாராம். எனக்கு முழங்கால் ஏலாது, சைக்கிளில வாறன். நீங்கள் ஓடுங்கோ."

வாண்டில் ஆற்றோரப் பாதையில் சுடிதாரும் கைப்பையுமாக ஓடினேன். ஆர்வோ மடை திறந்ததுபோல் பேசினார். அப்பா மரம் வெட்டியது, பனியில் ஆறு கிலோமீட்டர் பள்ளிக்குப் போனது, தபால்காரராகித் தெருத்தெருவாக ஓடியது. நான் பதிவுக்காகக் கைபேசியை நீட்டியபடி மூச்சிரைத்தேன். எழுபத்து நான்கு வயதுக்காரருக்கு வியர்க்கக்கூட இல்லை.

இரண்டாவது கிலோமீட்டரில் யோகன் சைக்கிளை நிறுத்திவிட்டார்.

"தங்கச்சி, அது நன்றிக்கு ஓடினதில்லையாம். கடைசிச் சுற்றுக்கு மணி அடிக்கேல்ல. இன்னும் முடியேல்ல எண்டு நினைச்சு ஓடினவராம்."

"மணி அடிக்க வேண்டியது யார்?"

"அவற்ற மனுசி. அப்ப கலியாணம் கட்டேல்ல. இவரையே பாத்துக்கொண்டு நிண்டதில மறந்து போனாவாம்."

உண்மையைச் சொன்னால் மனைவிக்கு அவமானம் என்று, பாராட்டையெல்லாம் ஆர்வோ வாய் திறக்காமல் வாங்கிக்கொண்டார். போன வருடம் மருத்துவமனையில் மனைவியே சொன்னாராம்: "நான் போனபிறகாவது சொல்லிவிடு. அந்த நன்றிச் சுற்றின் புகழைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது."

எழுதலாமா என்று கேட்டேன். ஆர்வோ தலையாட்டிவிட்டு, ஆற்றைப் பார்த்தபடி மறுபடி ஓடத் தொடங்கினார்.

8.50. வாசலில் என்னிடம் நீளமாக ஏதோ சொன்னார். கண் கலங்கியிருந்ததால் நன்றி சொல்கிறார் என்று நினைத்தேன்.

"கையை வீசுறது பிழையாம்," என்றார் யோகன். "ஆனா நாளைக்கும் வரட்டாம்."

மறுநாள் ஹீத்ரோவில் கெந்திக்கெந்தி நடந்தேன். மதுரையில் காலை நடைக்கு வருபவர்கள் முதல் சுற்றிலேயே சர்க்கரை அளவிலிருந்து மருமகள் சமையல்வரை சொல்லிவிடுவார்கள். இங்கே ஒரு காதல் கதைக்கு நான்கு கிலோமீட்டர் ஓட வேண்டியிருந்தது. விமானம் மட்டும் இல்லையென்றால், வலிக்கிற காலோடு இன்றும் போயிருப்பேன்.