பதிவேட்டில் ஓர் ஆள்

ராணுவத்தின் தகவல் தொடர்புப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்று வந்த என்னை, கடலூர் முதுநகரில் முன்னாள் படைவீரர்களுக்கான அலுவலகம் ஒன்றில் கணினி பார்க்க உட்கார வைத்தார்கள். பென்ஷன் வேலைகளுக்கு வேண்டிய படைவீரரின் பணிப் பதிவுகளை வடக்கே எங்கோ இருக்கும் கணினியிலிருந்து எடுத்துத் தரும் ராணுவ வலை அந்த அலுவலகத்தோடு நின்றிருந்தது. அதைச் சிதம்பரம் வரை நீட்டினால் போடும் செலவுக்குப் பலன் உண்டா என்று 2009இல் மேலிடம் என்னிடம் அறிக்கை கேட்டது. என்னிடமே கேட்டுவிட்டார்களே என்று கொஞ்சம் தலைக்கனம்கூட வந்தது.

மூன்று மாத வருகைப் பதிவேட்டைப் புரட்டினேன். சிதம்பரத்திலிருந்து நாளுக்கு ஓர் ஆள், மிஞ்சிப் போனால் இரண்டு. அட, இதற்கா தனி லைன், தனி இயந்திரம்? ‘பலன் இல்லை’ என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

அடுத்த வாரம் சிதம்பரத்திலிருந்து வந்த ஒரு பெண், மஞ்சள் பையிலிருந்து காகிதங்களை எடுத்து என் மேஜையில் அடுக்கிக்கொண்டே போனார். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும்.

“ஒரு ஆளுக்கு ஒரு டோக்கன்தாம்மா! இதென்ன சந்தையா?”

“ஒரு ஆள்தான சார் வந்துருக்கேன். இது பதினோரு வூட்டு பேப்பர். எல்லாரும் எதுக்கு பஸ்ல அல்லாடணும்? முறை வச்சிருக்கோம். இன்னிக்கி எம்முறை.”

பதிவேட்டை மறுபடி எடுத்தேன். நாளுக்கு ஒன்றிரண்டு பெயர்தான். பையில் எத்தனை வீடு என்று எழுத அதில் கட்டமே இல்லை. அன்றைக்கே இரண்டாவது கடிதம் எழுதினேன், கெஞ்சாத குறையாக. ‘பதிவேட்டில் உள்ளதே ஆதாரம். முதல் அறிக்கை ஏற்கப்பட்டது’ என்று பதில் வந்தது. என் கணக்கு என் வாயை அடைத்தது. வெட்கமாக இருந்தது.

மறுபடி தன் முறைக்கு அந்தப் பெண் வந்தார். “சிதம்பரத்துக்கே லைன் வருதாமே, நெசமா சார்? வூட்டுக்காரருக்குக் கை கால் வராது. நான் பஸ் ஏறிட்டா தண்ணி குடுக்கக்கூட ஆள் இல்ல.”

“வராதும்மா. வேணாம்னு எழுதுனதே நான்தான்.”

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம்.

“சரி, இத சட்டுனு பாருங்க சார். அவுரு தனியா கெடக்குறாரு.”