சுலோஜனா எடுத்து வைத்த பதிவு

சுலோஜனாவுக்குப் பொறாமை என்று சொன்னால் சண்டைக்கு வருவாள். அதற்கு வேறு பெயர் எனக்குத் தெரியாது.

உட்துறைமுக வீதியில் அவள் வேலை செய்யும் ஐஸ் கொம்பனிக் கணினி நெடுங்காலம் அவள் கையில்தான் இருந்தது. எந்த மென்பொருளை ஏற்றினாலும், அதற்கு முன் விண்டோஸ் கோப்புகள் எல்லாவற்றையும் அப்படியே படியெடுத்துப் பதிவாக வைப்பாள். ஏற்றிய பிறகு இன்னொரு பதிவு. வந்த விருந்தாளி எந்த அலுமாரியைத் திறந்தது, எதை மாற்றி வைத்தது என்று ஒப்பிட்டுப் பார்த்தபின்தான் தேநீர் குடிப்பாள். முதலாளி சோமசேகரத்துக்கு அது வீண் மினக்கேடு.

அந்த நேரத்தில்தான் இராகுலன் வேலைக்கு வந்தான். புதிய பில் மென்பொருளை இராகு காலம் தொடங்குமுன் ஏற்றவேண்டும் என்று முதலாளி கற்பூரம் கொளுத்தினார். சந்தனப் பொட்டு வைத்த கணினி கேட்டதற்கெல்லாம் சம்மதம் கொடுத்து, கற்பூரம் அணையுமுன் அவன் முடித்துவிட்டான்.

"பார் பிள்ளை, வேலையெண்டா இப்பிடிச் செய்யவேணும்" என்றார் முதலாளி, சுலோஜனாவைப் பார்த்து.

அவள் ஒன்றும் சும்மா இருந்தவளில்லை. அவனைக் கையும் களவுமாகப் பிடிக்கவென்று, அவன் ஏற்றுவதற்கு முதல் நாளே அந்தக் கணினியின் ஒரு மூலையில் பதிவெடுத்து ஒளித்து வைத்திருந்தாள்.

மறுநாள் காலை ரசீதில் தமிழ் எழுத்துகள் வெறும் கட்டங்களாக விழுந்தன. சல்லிக் கிராமத்திலிருந்து ஐஸ் ஏற்ற வந்த குணரத்தினம், "இதென்ன, தாயம் விளையாடவோ?" என்று கேட்டுச் சிரித்தார்.

இராகுலன் வெளியே போன நேரம் சுலோஜனா ஒப்பிட்டாள். மென்பொருள் ஒரேயொரு எழுத்துருக் கோப்பை மாற்றிவிட்டிருந்தது. சரியான கோப்பு அவளுடைய பதிவோடு பத்திரமாக இருந்தது. திருப்பிப் போட்டால் தேநீர் ஆறுமுன் சரியாகிவிடும். போடவில்லை. முதலாளி வந்து கெஞ்சட்டும் என்று, இராகுலன் வியர்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இனிப்பாக இருந்தது.

கெஞ்ச ஒருவரும் வரவில்லை. பின்னேரம் இராகுலன் கணக்குகளை மட்டும் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு வந்தான்.

"அக்கா, எல்லாத்தையும் அழிச்சுப்போட்டு விண்டோஸைப் புதுசாப் போடப்போறன். உங்கட ஏதும் இதுக்குள்ள கிடக்கோ?"

அவளுடைய இத்தனை வருடப் பதிவுகளும் அதற்குள்தான் கிடந்தன. ஓம் என்றால் திறந்து காட்டவேண்டும். காட்டினால், காலையிலிருந்து தெரிந்துகொண்டே வாயை மூடிக்கொண்டிருந்தது வெளிச்சமாகிவிடும்.

"ஒண்டுமில்லை."

"வடிவாப் பாத்தனீங்களோ?"

"இல்லையெண்டுறனெல்லோ!"

அவன் அழித்தான். மென்பொருளை விற்றவர்கள் அனுப்பிய திருத்திய பதிப்பை ஏற்றினான். ரசீதில் எழுத்து முத்து முத்தாக வந்தது. முதலாளி அவனைத் தலையில் தூக்கி வைத்து ஆடாத குறை. எல்லாருக்கும் கடிக்க ரோல்ஸ் வாங்கிக் கொடுத்தார்.

இராகுலன் பெரிய ரோல்ஸாகப் பார்த்து எடுத்துச் சுலோஜனாவிடம் நீட்டினான்.

"அக்கா, நீங்கள் ஒப்பிட்டுப் பாப்பீங்களாம் எண்டு முதலாளி சொன்னவர். எனக்கும் காட்டித் தாங்கோவன். இந்தமுறை ஏத்த முதலே நான் ஒரு பதிவு எடுத்து வச்சிட்டன்."

இனி அந்தக் கணினியில் எதை ஒப்பிட்டாலும் அவன் எடுத்த பதிவிலிருந்துதான் தொடங்கவேண்டும். அவள் ரோல்ஸை வாங்கி, கடிக்காமலே மேசையில் வைத்தாள்.