பதுங்குமிடம் வாடகைக்கு

போன மாத டெமோவில் இருந்தவர்கள் ராணுவத்திலிருந்து வந்த தமிழ் மேஜர் ஒருவர், எங்கள் டீம் லீடர் கவிதா மேடம், நான். இல்லாதவர், எங்கள் தெரு ஏகாம்பரம் மாமா. அவர் வீடு மட்டும் வந்திருந்தது.

ஒரகடத்தில் நாங்கள் செய்வது ராணுவப் பயிற்சிக்கான வி.ஆர். சாஃப்ட்வேர். ஹெட்செட் மாட்டினால் கண்முன் ஒரு கிராமம் விரியும். ஒரு வீட்டில் தீவிரவாதிகள் பதுங்கியிருப்பார்கள். புகுந்து பிடிக்க வேண்டும். தப்பு செய்தாலும் யாரும் சாக மாட்டார்கள். நல்ல வேலை இது — இன்றும் அப்படித்தான் நம்புகிறேன்.

கிராமத்துக்கு மாடல் வேண்டுமே? வல்லக்கோட்டை பக்கம் இருக்கும் எங்கள் தெருவையே கேமராவில் சுற்றிச் சுற்றி எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

ஹெட்செட் மாட்டிய மேஜர், தீவிரவாதிகள் பதுங்கிய வீட்டின், அதாவது மாமா வீட்டின், வாசல்வரை போய் நின்றுவிட்டார்.

"தம்பி, சுவத்துல 'ரூம் வாடகைக்கு'ன்னு போன் நம்பர் இருக்கே... நிஜ நம்பரா?"

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். சுவரைப் படிக்காமல் விட்டவனும் நானே.

ஹெட்செட்டைக் கழற்றி, தன் போனை ஸ்பீக்கரில் போட்டு டயல் செய்தார்.

"ரூமா சார்? எந்தக் கம்பெனி? எத்தினி பேரு?" மாமாவேதான்!

"பன்னெண்டு பேரு." மேஜர் சிரிக்கவே இல்லை.

"வந்து பாருங்க சார். தண்ணிப் பிரச்சினையே இல்ல."

போனை வைத்தவர் என் பக்கம் திரும்பினார். "இந்த ஃபைல் வெளிய போனா அவர் வீடு அடையாளம் தெரிஞ்சிடும். அவர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க. இல்லன்னா இந்த சாஃப்ட்வேரை ஏத்துக்கிட்டு நான் கையெழுத்து போட மாட்டேன்."

மாலையே லேப்டாப்போடு போனேன். தன் வாசலைத் திரையில் பார்த்ததும் மாமா சிரித்தார். திரையில் வீரர்கள் கதவை உடைத்துப் புகுந்ததும் சிரிப்பு நின்றது.

"இன்னாடா இது? மாசமா வந்த என் பொண்ணு அந்தக் கதவுக்குப் பின்னாலதான் படுத்துகினு கீது. கண்டவன் துப்பாக்கியோட பூந்து பழக என் வூடுதான் கெடச்சுதா?"

"மாமா, வெறும் படம்தானே..."

"அப்ப உன் வூட்ட குடுக்கறது!"

அம்மா திட்டுவாரே என்று எங்கள் வீட்டை மட்டும் நான் முதலிலேயே நீக்கியிருந்தேன்.

வீடு மட்டுமா? பயிற்சி எடுக்கும் வீரரின் கண் எங்கே போனது, கை எப்போது நடுங்கியது — எல்லாம் பதிவாகிறது. அது யார் கையில், எத்தனை நாள்? கம்பெனிகள் தாமாக அனுமதி கேட்காது, என்னையே பாருங்கள். கேட்க வைக்கச் சட்டம் வேண்டும். வரும்.

மாமா கடைசிவரை எழுதித் தரவில்லை. தெருவையே ஃபைலிலிருந்து அழித்து, எந்த ஊரிலும் இல்லாத ஒரு தெருவை வரைந்தோம். மேஜர் கையெழுத்திட்டார்.

புதுத் தெருவுக்குக் கம்பெனிக்கு ஆன செலவு — மூன்று லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய்.