அண்ணன் வீட்டுக்குப் போன வயிறு

என் மனைவிக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. கண் பரிசோதிக்கும் இருட்டறையில் ஆட்களை உட்காரவைத்து, கண்ணாடி மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, முன்னாடி போட்டது தெளிவா?" என்று நாள் முழுக்கக் கேட்பாள். அதே நிதானமான குரலில்தான் வீட்டிலும் சண்டை போடுவாள். சண்டை நடக்கிறது என்பதே எனக்குப் பாதியில்தான் புரியும்.

முட்டி வலிக்கு எடையைக் குறைக்கச் சொன்ன டாக்டர் வாரம் ஒரு ஊசி எழுதிக்கொடுத்தார். அன்று முதல் அவள் வயிறு தனக்கென்று வேலைநேரம் வைத்துக்கொண்டது. காலையில் தின்ற ரொட்டி சாயங்காலமும் உள்ளேயே உட்கார்ந்திருக்கும். நாலு வாய் கூடிவிட்டால் குமட்டல். "கொஞ்சங்கொஞ்சமா சாப்பிடுங்க, பட்டினி கிடக்காதீங்க" என்று நர்ஸ் அவளிடம் சொன்னது எனக்குத்தான் மனப்பாடம் ஆனது.

அந்தச் சமயத்தில்தான் அவள் அண்ணன் போன் செய்தார். "ஒரு தடவ வந்துட்டுப் போம்மா."

சில வருடங்களுக்கு முன் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தவர், அவளுடைய கடை ஆட்கள் எல்லார் முன்னாலும் அவளைக் காட்டி, "இதுதான் எங்க வீட்டுப் பூசணி" என்று சொல்லிச் சிரித்தார். அவளும் சிரித்தாள். அதற்குப் பிறகு அவர் வீட்டு வாசலை அவள் மிதிக்கவில்லை.

அவர்கள் குடும்பத்தில் கோபம் தீர்ந்ததா என்று யாரும் வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள். தட்டைப் பார்ப்பார்கள். தட்டில் மிச்சம் இருந்தால் மனதிலும் மிச்சம் இருக்கிறது என்று கணக்கு.

"ஊசி விஷயத்த அங்க மூச்சு விடக்கூடாது," என்றாள். "அவரு சொன்னதுக்காகத்தான் இளைச்சேன்னு நெனச்சுக்குவாரு. அத மட்டும் என்னால தாங்க முடியாது."

ரயிலில் அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அண்ணன் தட்டுக்கு வயிற்றில் இடம் பிடித்து வைக்கிறாளாம். "ரெண்டு பிஸ்கட்டாவது தின்னு" என்றால், "இடத்த அடைக்காதீங்க" என்றாள், என்னவோ துண்டு போட்டு சீட்டுப் பிடித்த மாதிரி. பிறகு ஜன்னலில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள். வெயில் அவள் முகத்தில் வந்து வந்து போனது. வெளியே மரங்கள் தண்ணீருக்கடியில் நிற்பதுபோல அசைவதாகச் சொன்னாள். பசி என்பதே மறந்துபோய், உடம்பை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்ததுபோல் இருக்கிறதாம். அரைத் தூக்கத்தில் "அண்ணா" என்று ஒரு தடவை முனகினாள்.

அண்ணன் தானே பரிமாறினார். மலை மாதிரி சோறு, மேலே எண்ணெய் மிதக்கும் குழம்பு. நான் கண்ணால் கெஞ்சினேன். அவள் என் பக்கமே திரும்பாமல், கடைசிப் பருக்கைவரை வழித்துச் சாப்பிட்டாள். அண்ணன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அது அணைவதற்குள் அவள் எழுந்து குளியலறைக்கு ஓடினாள்.

உள்ளே இருந்து வந்த சத்தம் கூடம் வரை கேட்டது. அண்ணன் போய்க் கதவருகே தரையில் உட்கார்ந்தார்.

"என்னோட சோறு உள்ள இறங்க மாட்டேங்குதாம்மா? இன்னும் கோபமா?"

"கோபமில்லண்ணா. ஊசி போடறேன். இளைக்கறதுக்கு." குழாய்ச் சத்தம் நின்றது. "முட்டி வலிக்காக. நீ சொன்னதுக்காக இல்ல."

அவர் கதவில் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

"ஆனா நீ சொன்னது வலிச்சுதுண்ணா."

"தெரியும்மா. அன்னைக்கே உன் முகத்தப் பாத்தேன். சிரிச்சே, ஆனா கண்ணு சிரிக்கல. தப்புன்னு சொல்ல வாய் வரல. இத்தன வருஷமா வரல."

கதவு திறந்தது. அவர் நிமிர்ந்து பார்க்காமலே, "தப்புதாம்மா" என்றார்.

அவரே வெந்நீர் ஆற்றிக் கொண்டுவந்தார். அவள் கொஞ்சங்கொஞ்சமாகக் குடித்தாள். சோபாவில் அண்ணன் பக்கத்திலேயே உட்கார்ந்தவள், அப்படியே அவர் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். மதிய வெயில் திரைச்சீலை வழியாக மஞ்சளாக இறங்கி அறை முழுக்க நின்றது. ரொம்ப நேரம் அவர் தோளை அசைக்கவே இல்லை. அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவளை மெல்லத் தலையணைக்கு மாற்றலாம் என்று எழுந்தேன்.

அண்ணன் மற்ற கையால் என்னைத் தடுத்தார்.

"கை மரத்துப்போச்சு மாப்பிள்ள," என்று கிசுகிசுத்தார். "எழுப்பிடாதீங்க."