கடுதாசி டீச்சரின் ஒலிப் பாடம்

ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்த அந்த அம்மாளுக்குப் பள்ளிக்கூடம் வைத்த பெயர் கடுதாசி டீச்சர். வெள்ளிக்கிழமைதோறும் பெற்றோருக்கு ஒரு கடிதம் எழுதி, நாற்பது நகல் எடுத்து, நாற்பது பைகளிலும் தன் கையாலேயே திணித்தால்தான் அவருக்குத் தின்ற சோறு செரிக்கும். அந்த வாரம் என்ன பாடம் நடந்தது, யாருக்குப் பென்சில் சீவத் தெரியவில்லை, யாருடைய தண்ணீர் பாட்டிலில் தலைப்பிரட்டை நீந்தியது, எல்லாம் அதில் இருக்கும். மூன்று பக்கத்துக்குக் குறைந்ததே இல்லை.

டீச்சரிடம் குறை என்று சொன்னால் ஒன்றுதான். சின்ன லகரமும் பெரிய ளகரமும் அவருக்கு ஒரே எழுத்து. எழுதும்போது பத்தில் ஒன்றாவது இடம் மாறிவிடும், பேசும்போதோ எல்லாமே சின்ன லகரம்தான். நாக்கு மடங்கவே மடங்காது. ஆனாலும் பதினான்கு வருஷத்தில் ஒரு பிழையும் பெற்றோர் கண்ணில் பட்டதில்லை. ஏனென்றால் அவர் கணவருக்கு அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. வியாழக்கிழமை சாயங்காலம் கடிதம் அவர் கைக்குப் போய், சிவப்பு மையில் குளித்துவிட்டு வரும்.

இந்தக் கதை நடந்த வாரம் மனுஷன் சும்மா இருந்திருக்கலாம். காய்கறி வாங்கிவர டீச்சர் எழுதிக் கொடுத்த சீட்டையும் திருத்த உட்கார்ந்துவிட்டார்.

"வெள்ளரிக்காய்க்கு இந்த ல போட்டா கடைக்காரன் என்னத்தைக் கொடுப்பான்?"

"வெல்லரிக்காயைத்தான் கொடுப்பான். அவனுக்கு உங்கல மாதிரி எழுத்தைப் பிடிச்சுத் தொங்குற வேலை இல்ல."

"அப்போ இனிமே என் பேனா உனக்கு வேண்டாம்?"

"வேண்டவே வேண்டாம்!"

அதோடு இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்றது. கடிதம் திருத்தப்படாமலே பைகளுக்குள் போயிற்று. அதில் டீச்சர் சொல்ல வந்தது வெளிச்சத்தைப் பற்றி, அதாவது ஒளியைப் பற்றி. டார்ச், மெழுகுவர்த்தி, கண்ணாடி என்று பிள்ளைகள் எதையாவது கொண்டுவருவார்கள் என்பது அவர் நினைப்பு. ஆனால் எழுதியிருந்தது இப்படி:

"அடுத்த பாடம் ஒலி. திங்கட்கிழமை ஒவ்வொரு பிள்ளையும் ஒலி தரும் பொருள் ஒன்று கொண்டுவர வேண்டும். ஒலி எவ்வளவு கூடுதலோ அவ்வளவு நல்லது. வகுப்பறையை இருட்டாக்கிவிடுவேன், யாரும் பயப்பட வேண்டாம்."

சத்தத்துக்கு எதற்கு இருட்டு என்று பெற்றோர்கள் குழம்பத்தான் செய்தார்கள். இருந்தாலும் படித்த டீச்சர் சொன்னால் காரணம் இல்லாமலா இருக்கும்?

திங்கட்கிழமை காலையில் டீச்சர் ஜன்னல்களில் எல்லாம் கறுப்புத் தாள் ஒட்டி, விளக்கை அணைத்து, வாசலில் நின்றுகொண்டு பிள்ளைகளை வரிசையாக உள்ளே விட்டார். எல்லாப் பைகளும் புடைத்திருந்தன. ஒரு பை தானாகவே அசைந்தது. பெரிய பேட்டரி விளக்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். கடைசியாக ஒரு பெண், தூக்கக் கலக்கத்தில் தள்ளாடிய தன் அப்பாவைக் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். அவர் ராத்திரிக் காவல் வேலை பார்ப்பவர். அவள் நீட்டிய சீட்டைப் படிக்க நேரமில்லாமல் இடுப்பில் செருகிக்கொண்டு, "பாடம் பாக்க வந்தீங்களா? கடைசி பெஞ்சில உக்காருங்க" என்றார் டீச்சர்.

கதவைச் சாத்தியதும் கும்மிருட்டு.

"எல்லாரும் தயாரா? ஒன்னு, ரெண்டு, மூனு... ஆரம்பிங்க!"

அப்புறம் நடந்ததைச் சொல்ல வாய் ஒன்று போதாது. அலாரக் கடிகாரங்கள் அலறின. குக்கர் மூடியைக் கரண்டியால் அடித்தார்கள். சைக்கிள் ஹார்ன், விசில், ஒருவன் மாமாவிடம் இரவல் வாங்கிய ஒலிபெருக்கி. அசைந்த பையிலிருந்து ஒரு சேவல் கிளம்பி, விடிந்ததா இல்லையா என்று புரியாமல் இரண்டுக்கும் சேர்த்துக் கூவிற்று. டீச்சர் "நிறுத்துங்க!" என்று கத்தினார். அதையும் பாடத்தில் சேர்த்துக்கொண்டு பிள்ளைகளும் "நிறுத்துங்க!" என்று கத்தினார்கள்.

சுவிட்ச் எந்தப் பக்கம் என்று டீச்சர் சுவரைத் தடவிக்கொண்டிருந்தபோது ஒரு மூலையிலிருந்து வெளிச்சம் வந்தது. ஒரு சிறுமி டார்ச்சைப் பிடித்தபடி விசும்பிக்கொண்டிருந்தாள். "கடுதாசிய வீட்ல காட்ட மறந்துட்டேன் டீச்சர். பையில இதுதான் இருந்துச்சு."

கடிதத்தைப் படிக்காத ஒரே பிள்ளை கொண்டுவந்ததுதான் சரியான பொருள். அந்த வெளிச்சத்தில் டீச்சர் சுவிட்சைப் போட்டதும் கதவு திறந்தது. தலைமையாசிரியை இரண்டு காதிலும் விரலை விட்டபடி நின்றார். பின்னாலேயே பரீட்சைத் தாளும் கையுமாகப் பக்கத்து வகுப்புக் கணக்கு வாத்தியார்.

"என்ன டீச்சர் நடக்குது இங்க?"

"ஒலிப் பாடம் மேடம்" என்றார் டீச்சர், ஒளியைத்தான் நினைத்துக்கொண்டு.

"அதான் தெருமுனை வரைக்கும் கேக்குதே!"

சேவல் மேசைக்கடியில் ஒடுங்கியது. பிள்ளைகள் கப்சிப். ஆனால் ஒரு சத்தம் மட்டும் நிற்கவில்லை, கர்... கர்... என்று மரம் அறுக்கிற மாதிரி. கடைசி பெஞ்சில் காவல்காரர் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். டீச்சர் இடுப்பிலிருந்த சீட்டைப் பிரித்தார். காவல்காரரின் மனைவி எழுதியிருந்தார்: "எங்கள் வீட்டில் இதைவிட ஒலி தரும் பொருள் கிடையாது. திருப்பி அனுப்ப அவசரமில்லை."

தலைமையாசிரியை அதை வாங்கிப் படித்தார். கோபமாக இருக்கத்தான் பார்த்தார், முடியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினார்.

வந்த பொருளை வீணாக்குவானேன் என்று டீச்சர் அன்றைக்கு ஒலியையே நடத்தினார். உரத்த ஒலிக்கு உதாரணம் கேட்டபோது காவல்காரர் மகளைத் தவிர மற்ற முப்பத்தொன்பது பேரின் விரல்களும் கடைசி பெஞ்சைக் காட்டின.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகக் கணவரைப் பிடித்தார்.

"கடுதாசி நகல் மேசை மேலதானே கிடந்துச்சு? நீங்க பாக்கலையா?"

"வெள்ளிக்கிழமையே பார்த்தேனே."

"பார்த்துட்டு வாய மூடிக்கிட்டா இருந்தீங்க?"

"நீதானே என் பேனா வேண்டவே வேண்டாம்னே."

டீச்சருக்கு முதலில் ஆத்திரம் வந்தது. பிறகு சேவல் ஞாபகம் வந்து, நின்ற இடத்திலேயே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நடந்ததை முழுக்கச் சொல்லி முடிக்க அவருக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. காவல்காரர் கட்டத்தை மட்டும் கணவர் மூன்று முறை கேட்டு வாங்கினார்.

அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் கடிதம் போயிற்று, 'அடுத்த பாடம் ஒளி' என்று ஒழுங்காகத் திருத்தப்பட்டு. ஆனாலும் சூடு கண்ட பெற்றோர்கள் நம்பவில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு கடிதத்துக்கும் வாய் திறக்காதவர்கள் ஒருவர் மாற்றி ஒருவராகப் போன் போட்டார்கள்.

"டீச்சர், இது சின்ன லியா, பெரிய ளியா?"

"பெரிய லிங்க."

"சின்ன லியா?"

"இல்லங்க, பெரிய லி!"

ஒவ்வொருவரிடமும் தொண்டை வறள இதையே சொன்னார் டீச்சர். கணவர் போனை வாங்கக் கை நீட்டினார். டீச்சர் கொடுக்கவில்லை. கடுதாசியை இத்தனை பேர் உட்கார்ந்து படிக்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. காபி ஆறிப்போயிற்று. அடுத்த அழைப்புக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு வசதியாக உட்கார்ந்துகொண்டார்.