கட்டையன் நிமிர்ந்து பார்த்த படம்

நெடுந்தீவில் யாராவது குனிந்தால் நாய்கள் ஓடிவிடும். அங்கே வேலியெல்லாம் கல். குனிகிற கை கல்லோடுதான் நிமிரும் என்பது அவற்றுக்குக் குட்டியிலேயே தெரிந்துவிடுகிறது. ஆனால் ஒரு நாயின் முகம் படத்தில் ஒழுங்காக விழவேண்டுமென்றால் அதன் உயரத்துக்கு இறங்கித்தான் ஆகவேண்டும். பிரேமினி கைத்தொலைபேசியில் எடுத்த முதல் படங்களில் எல்லாம் ஓடுகிற நாய்களின் பின்பக்கம்தான் இருந்தது.

பள்ளிக்கூடச் சட்டைகள் தைத்துச் சீவிக்கிற பிரேமினி நாற்பது கடந்தவள், தனியாள். வீடுகளைப் பூட்டிவிட்டு வெளிநாடு போகிறவர்கள் நாய்களை விட்டுப்போகிறார்கள். சோறில்லாத நாய் ஆட்டுக்குட்டியில் வாய் வைக்கும். ஆட்டுக்காரர் இறைச்சியில் நஞ்சு மருந்து வைப்பார்கள். அதற்கு முன்னால் நாயைப் படமெடுத்து முகநூலில் போட்டால் யாழ்ப்பாணப் பக்கத்தில் யாராவது வளர்க்க எடுப்பார்கள். இதைக் கருணை என்று சொல்லலாமா என்பது சந்தேகம். அவள் எந்த நாயையும் வீட்டுக்குள் விடுவதில்லை. கேட்டால், "அதுகள் கிடந்து துடிக்கிற சத்தம் கேட்டா எனக்கு மெஷின் மிதிக்க ஏலாது," என்பாள்.

குனியாமல் எடுக்க ஒரு வழி கண்டுபிடித்தாள். சமைக்கும்போது குசினியில் உட்காருகிற சின்னப் பலகையைக் கொண்டுபோய் முன்கூட்டியே போட்டு, அதில் உட்கார்ந்து நாய் வரும்வரை அசையாமல் இருப்பாள்.

கட்டையனிடம் அதுவும் பலிக்கவில்லை. வால் அறுத்த கறுப்பு நாய் அது. வளர்த்த துஷ்யந்தன் கனடா போனபிறகு பூட்டிய வீட்டின் படலை வாசலிலேயே கிடந்தது. ஒருநாள் பஸ்ரியாம்பிள்ளையின் ஆட்டுக்குட்டி ஒன்று கழுத்துக் கடிபட்டுச் செத்தது. அவர் நேரே பிரேமினியிடம் வந்தார்.

"பிள்ளை, ஞாயிறு பூசை முடியுமட்டும் பொறுப்பன். பிறகு என்னிலை குறை சொல்லக்கூடாது."

"அவன்தான் கடிச்சவன் எண்டு கண்டனீங்களோ, அண்ணை?"

"காணேல்லை. வாயிலை மயிர் கிடந்தது."

அவள் பலகையில் போய் இருந்தாள். மீன்தலை போட்டாள், விசிலடித்தாள். தொலைபேசியைத் தூக்கினால் கட்டையன் முகத்தை மதில் பக்கம் திருப்பிக்கொண்டது. பஸ்ரியாம்பிள்ளை பின்னால் நின்று பார்த்தார்.

"என்ன பிள்ளை, அடையாள அட்டைக்கோ? ரெண்டு காதும் தெரியவேணும். இல்லாட்டித் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்."

அவளுக்கும் சிரிப்பு வந்தது. அப்போதுதான் நாய்க்குப் போட்டுக்காட்டச் சொல்லித் துஷ்யந்தன் முந்தின கிழமை அனுப்பிய குரல்பதிவு நினைவுக்கு வந்தது.

"அண்ணை, உங்கடை ஃபோனுக்கு ஒண்டு அனுப்புறன். எனக்குப் பின்னாலை நிண்டு போடுங்கோ."

அவர் தட்டியதும் துஷ்யந்தனின் குரல் வந்தது.

"கட்டையா... டேய் கட்டையா, எங்கையடா நிக்கிறாய்? வாடா, வாடா ராசா!"

நாய் எழுந்தது. காதுகள் நிமிர்ந்தன, வாய் திறந்தது. அறுந்த வாலோடு இடுப்பே ஆடியது. அவள் எடுத்துவிட்டாள். கட்டையன் அவளைக் கடந்துபோய் பஸ்ரியாம்பிள்ளையின் கையை மோந்தது. அவருக்குப் பின்னால் சுற்றிப் பார்த்தது, மறுபடி கையை மோந்தது.

"இஞ்சை ஒருத்தரும் இல்லையடா," என்று அவர் தொலைபேசியைச் சாரத்து மடியில் செருகினார். இந்தமுறை அவர் சிரிக்கவில்லை.

படத்தைப் பார்த்து யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் ஒரு குடும்பம் கேட்டது. இப்படிச் சிரிக்கிற நாயைத் தாங்கள் கண்டதில்லை என்று எழுதியிருந்தார்கள்.

சனிக்கிழமை கூட்டிவரப் போனபோது கட்டையனைப் படலையில் காணவில்லை. குரல் கேட்ட நாள் முதல் அது இறங்குதுறையில் நின்றிருக்கிறது. படகிலிருந்து இறங்குகிற கால்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றதாம். கயிறு போடக் குனிந்தால் ஓடியது. படகு புறப்படத் தயாராகியது. அக்கரையில், குறிகட்டுவான் துறையில், கொக்குவில்காரர் காத்திருந்தார்கள்.

"அந்தக் குரலைப் போடுங்கோ, அண்ணை."

பஸ்ரியாம்பிள்ளை கயிற்றைப் பார்த்தார். "பாவம், பிள்ளை."

"ஞாயிறு எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

அவர் படகுக்குள் இறங்கிப் போட்டார். கட்டையன் தானாகவே பாய்ந்து ஏறியது. படகு விலகும்போதும் அது ஒவ்வொருவர் மடியாக மோந்துகொண்டிருந்தது.

கனடாவிலிருந்து துஷ்யந்தனின் குரல் வந்தது. "அக்கா, படம் பாத்தனான். என்ன வடிவாப் பாக்கிறான்! என்னத்தைக் காட்டினனீங்கள்?" பிரேமினி அதை முழுக்கக் கேட்டாள். தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு மெஷினை மிதித்தாள்.

அடுத்தது ஒரு மஞ்சள் பெட்டைநாய். அதன் வீட்டார் பிரான்சில். இந்தமுறை பஸ்ரியாம்பிள்ளை தானாகவே வந்தார்.

"அந்த வீட்டுக்காரியின்ரை குரல் ஏதும் கிடக்கோ?"

"கிடக்கு."

"அப்ப அனுப்புமன்."

"வேண்டாம், அண்ணை. துறையிலை நிண்டவனைப் பாத்தனீங்கள்தானே."

"பாத்தனான். அவன் இப்ப உயிரோடை இருக்கிறான்."

அவள் பலகையை எடுத்துக்கொண்டு போனாள். பின்னேரங்களில் போய் இருந்தாள். கடைசியில் கிடைத்த படத்தில் ஒரு காதும் மதிலும்தான் தெளிவாக இருந்தன. அதையே முகநூலில் போட்டாள். யாரும் கேட்கவில்லை.

ஒரு காலை அந்த நாய் கிணற்றடியில் வாயில் நுரையோடு விறைத்துக் கிடந்தது. பஸ்ரியாம்பிள்ளை மண்வெட்டியோடு வந்து நின்றார்.

"மாதாவாணை நானில்லை, பிள்ளை."

"தெரியும்."

தீவில் வேறு ஆட்டுக்காரர்களும் இருந்தார்கள். அவர் குழி வெட்டினார். நிலத்தில் கல் அதிகம். அவள் குனிந்து கற்களைப் பொறுக்கி ஒதுக்கினாள். மூடி முடித்தபிறகு அவர் மண்வெட்டியில் சாய்ந்துகொண்டு கேட்டார்.

"அண்டைக்குக் குரலைப் போட்டிருந்தா நிமிர்ந்து பாத்திருக்கும், என்ன?"

"ஓம்," என்றாள் பிரேமினி.